ஒன்பதாம் பாடம்: 'ஸ்ட்ரைக்', அடி விழும் வினைச்சொல்

மாமல்லபுரத்தில் ஆங்கிலம் பேசிப் பிழைக்கிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'சுனாமி அட்டாக்டு திஸ் பீச்.' கடற்கரைக் கோயில் வாசலில் நிற்கும் வழிகாட்டி சொல்வார். கோவளத்திலிருந்து சவாரி ஏற்றிவரும் கார் ஓட்டுநர் சொல்வார். சங்கு, சிப்பி மாலை விற்கிற அம்மாவும் சொல்வார். கேட்கிற வெளிநாட்டவர் தலையாட்டுவார்; விஷயம் புரிந்துவிடும். ஆனால் அவர் காதில் அது, சுனாமி என்ற பேரில் ஒரு ஆள் கத்தியோடு வந்து கடற்கரையைக் குத்தியது மாதிரி விழுகிறது.

இதற்குக் காரணம் நம் செய்தித்தாள் தமிழ்தான் என்பது என் கட்சி. செய்தியில் எல்லாமே தாக்கும். புயல் தாக்கும், மின்னல் தாக்கும், மின்சாரம் தாக்கும், யானை தாக்கும், மர்ம கும்பல் தாக்கும், டெங்கு தாக்கும், நெற்பயிரைப் புகையான் தாக்கும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சுகமாகக் காலம் தள்ளிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலையை ஏழெட்டு வினைச்சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றில் உங்களுக்குத் தினமும் தேவைப்படுபவை இரண்டு: அட்டாக், ஸ்ட்ரைக்.

அட்டாக் என்றால் எதிர்த்து வருவது. அங்கே ஒரு பகை இருக்கிறது, கெடுக்கும் எண்ணம் இருக்கிறது. அல்லது எண்ணமே இல்லாவிட்டாலும் விடாமல் அரித்துத் தின்னும் வேலை நடக்கிறது. அடி விழுந்ததா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்கு முக்கியமில்லை. ஸ்ட்ரைக் அப்படியில்லை. அது அடி விழுகிற நொடியைச் சொல்லும் சொல். அடித்தவனுக்குப் பகை இருந்ததா, மனசு இருந்ததா, உயிராவது இருந்ததா என்று அது கேட்பதில்லை. அதனால்தான் கல்லும் மின்னலும் கடலலையும் ஸ்ட்ரைக் பண்ணலாம், ஆனால் அட்டாக் பண்ணுவதில்லை.

மனப்பாடம் செய்ய வேண்டாம். செய்தித்தாள் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழில் யோசியுங்கள், போதும். ஸ்ட்ரைக் என்பது நம்முடைய 'அடி'. மணி அடித்தது, 'தி க்ளாக் ஸ்ட்ரக் ஃபோர்'. பட்டியலிலிருந்து பேரை அடித்துவிட்டார்கள், 'தே ஸ்ட்ரக் ஹிஸ் நேம் ஆஃப் தி லிஸ்ட்'. அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது, 'ஹி ஸ்ட்ரக் லக்கி'. இரண்டு மொழியும் இத்தனை இடங்களில் கைகோத்து நடப்பது அபூர்வம். ஆனால் எல்லா 'அடி'க்கும் ஸ்ட்ரைக் போட்டுவிடாதீர்கள். வெயில் அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறார்கள், மொட்டை அடித்தேன், காப்பி அடித்தான், போர் அடிக்கிறது: இவற்றுக்கெல்லாம் வேறு வேறு சொல். ஒன்று இன்னொன்றின் மேல் போய் மோதுகிற 'அடி'க்கும், திடீரென்று வந்து வாய்க்கிற 'அடி'க்கும்தான் ஸ்ட்ரைக் பொருந்தும்.

வாயில் வர வேண்டிய விதம்

இன்றைக்கு ஸ்ட்ரைக், நேற்றைக்கு ஸ்ட்ரக், 'ஹேவ்' போட்டாலும் ஸ்ட்ரக். 'ஸ்ட்ரைக்டு' என்று ஒரு சொல் கிடையாது. நம் ஊரில் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. 'ஸ்ட்ரிக்கன்' என்று இன்னொரு வடிவம் உண்டு. அது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் வரும்: சுனாமி பாதித்த கிராமம், 'எ சுனாமி-ஸ்ட்ரிக்கன் வில்லேஜ்', பயத்தில் உறைந்த முகம், 'எ பேனிக்-ஸ்ட்ரிக்கன் ஃபேஸ்'. வழிகாட்டிக்கு இந்த இரண்டு போதும்.

உச்சரிப்பில் இரண்டு பள்ளங்கள். முதலாவது, முன்னால் ஒரு 'இ' சேர்த்து 'இஸ்ட்ரைக்கு' என்பது. பல்லிடுக்கில் காற்றை விட்டுக்கொண்டே நேராக 'ட்ரை'க்குப் போய்விடுங்கள். இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. 'ஸ்ட்ரக்' என்பதில் 'ர' விழுங்கப்பட்டால் அது 'ஸ்டக்' ஆகிவிடும். 'அவர் போட் ஸ்ட்ரக் எ ராக்' என்றால் படகு பாறையில் மோதிவிட்டது. 'அவர் போட் இஸ் ஸ்டக்' என்றால் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். போனில் ஓட்டல்காரரிடம் தகவல் சொல்லும்போது இந்த ஒரு எழுத்து விடுபட்டால் அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, டீசல் அனுப்புவதா என்று தெரியாமல் விழிப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் 'ஸ்டக்'தான். கடவுள் புண்ணியத்தில் 'ஸ்ட்ரக்' இல்லை.

கடலும் காற்றும் வானமும்

2004 டிசம்பர் 26 காலை நடந்ததைச் சொல்ல இரண்டு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். 'தி சுனாமி ஸ்ட்ரக் திஸ் கோஸ்ட் இன் 2004.' 'ஸ்ட்ரக்' வாயில் வரவில்லை என்றால் 'ஹிட்' போடுங்கள், தப்பே இல்லை. (நமக்கு 'ஹிட்' என்றால் படம் ஓடியது என்று அர்த்தம், அவர்களுக்கு அது முதலில் அடிதான்.) இரண்டாவது வாக்கியம்தான் விருந்தாளிகளை நிமிர்ந்து உட்கார வைக்கும். சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் கிடந்த கல்வெட்டுப் பாறையை அந்த அலை வெளியே காட்டிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை 2005-இல் தோண்டியபோது, அடியில் செங்கல்லில் கட்டிய பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. 'தி வேவ் தட் ஸ்ட்ரக் தி கோஸ்ட் ஆல்ஸோ அன்கவர்டு எ டெம்பிள்.' இந்த இடத்தில் 'அட்டாக்டு' போட்டுப் பாருங்கள், வாக்கியமே கோணிக்கொள்ளும். பகையோடு வந்தவன் கோயிலைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவானா?

புயலுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி நம் ஊர் அருகேதான் கரையைக் கடந்தது. வானிலை ஆய்வு மையம் ஆங்கிலத்திலும் 'க்ராஸ்டு தி கோஸ்ட்' என்றுதான் சொல்லும். புயல் எங்கே, எப்போது தரையேறியது என்ற கணக்கைச் சொல்ல அதுவே சரி. அது என்ன செய்தது என்று சொல்ல வந்தால் 'ஸ்ட்ரக்'. 'மாண்டஸ் க்ராஸ்டு தி கோஸ்ட் நியர் மாமல்லபுரம்' என்பது வரைபடத்துக்கான வாக்கியம். 'மாண்டஸ் ஸ்ட்ரக் அட் மிட்நைட்' என்பது ஓட்டுக்கூரை பறந்தவனின் வாக்கியம்.

மின்னலில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். நமக்கு விழுவது இடி. அவர்களுக்கு விழுவது மின்னல். இடி அவர்களுக்கு வெறும் சத்தம்.

"அண்ணே, அந்தம்மா எதுக்குண்ணே சிரிச்சாங்க?"

"நீ என்னடா சொன்னே?"

"'தண்டர் அட்டாக்டு தி கோகனட் ட்ரீ'ன்னேன்."

"இடிக்கும் தென்னைமரத்துக்கும் என்னடா வாய்க்கா வரப்புத் தகராறு? 'லைட்னிங் ஸ்ட்ரக் தி ட்ரீ'ன்னு சொல்லு. மரம் முன்னால வந்தா, 'தி ட்ரீ வாஸ் ஸ்ட்ரக் பை லைட்னிங்'."

மின்சாரம் தாக்கியதற்கு இரண்டு சொல்லுமே உதவாது. பிழைத்துக்கொண்டால் 'காட் அன் எலக்ட்ரிக் ஷாக்', இறந்துவிட்டால் 'வாஸ் எலக்ட்ரோக்யூடட்'. இந்த இரண்டாவது சொல்லைப் பிழைத்த ஆளுக்குப் போட்டு அவர் குடும்பத்தைக் கதிகலங்க வைக்காதீர்கள்.

மே மாதத்து ஐந்து ரதம் வளாகத்தில் தேவைப்படுகிற சொல் 'ஹீட்ஸ்ட்ரோக்'. 'ஸ்ட்ரோக்' என்பது ஸ்ட்ரைக்கின் உடன்பிறப்பு. அடி என்ற பெயர்ச்சொல். வெயிலின் அடி ஹீட்ஸ்ட்ரோக். மூளைக்கு விழும் அடி, நாம் பக்கவாதம் என்பது, வெறும் ஸ்ட்ரோக். மாரடைப்புக்கு மட்டும் 'ஹார்ட் அட்டாக்'. நம் ஊரில் 'அவருக்கு அட்டாக் வந்துடுச்சு' என்றாலே நெஞ்சைத்தான் குறிக்கும். வெளிநாட்டவரிடம் வெறும் 'அட்டாக்' என்று சொன்னால் யார் அடித்தார்கள் என்று கேட்பார். ஹார்ட் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இயற்கைக்கும் 'அட்டாக்' வரும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்தான் கடற்கரைக் கோயிலைச் சரியாக விளக்க முடியும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அந்தக் கோயிலின் கல் முழுக்க முகம் மழுங்கிக் கிடக்கிறதே, அதைச் செய்தது எந்தப் பெரிய அலையும் இல்லை. உப்புக் காற்று. கல்லின் நுண்துளைக்குள் ஈரத்தோடு புகுந்து, காய்ந்து, படிகமாகி, பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. கட்டடப் பாதுகாப்புத் துறையினர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சால்ட் அட்டாக்'. காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிற வைத்தியத்தைத் தொல்லியல் துறை இங்கே செய்திருக்கிறது. கறையான் மரத்தை அட்டாக் பண்ணுவதும், புகையான் நெல்லை அட்டாக் பண்ணுவதும், கிருமி ஈரலை அட்டாக் பண்ணுவதும் இதே கணக்குதான். மெல்ல, விடாமல். ஆகவே கோயிலின் முன் நின்று சொல்ல வேண்டிய வாக்கியம்: 'தி சுனாமி ஸ்ட்ரக் ஒன்ஸ். தி சால்ட் அட்டாக்ஸ் எவ்ரி டே.' இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். அவர்களே அடுத்த கேள்வி கேட்பார்கள்.

அடி இன்னும் விழவில்லை

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு வருவோம். ஒரு சுவரில் திருமால் பாம்பணையில் கிடக்கிறார். எதிர்ச்சுவரில் போர். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை வில்லேந்தி வருகிறாள். கணங்கள் கூட ஓடி வருகின்றன. எருமைத் தலை அசுரன் கதையைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். அவன் ஆட்களில் சிலர் விழுந்துவிட்டார்கள். அவன் மேல் மட்டும் இன்னும் ஒரு அடியும் படவில்லை.

இங்கே பல வழிகாட்டிகள் 'துர்கா கில்டு தி டீமன்' என்று ஒரே வீச்சில் முடித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நடையைக் கட்டுகிறார்கள். சிற்பி அப்படிச் செய்யவில்லை. கொல்வதற்கு முந்தின கணத்தில் கல்லை நிறுத்தி வைத்திருக்கிறான். இந்தப் பாடத்தில் இதுவரை படித்தது மொத்தமும் இந்தச் சுவரில் இருக்கிறது: 'துர்கா இஸ் அட்டாக்கிங். ஷி ஹேஸ் நாட் ஸ்ட்ரக் ஹிம் எட்.' அசுரனின் சாய்ந்த உடம்பைக் காட்டிக்கொண்டே இதைச் சொல்லுங்கள். பிறகு திரிமூர்த்தி மண்டபத்தின் வெளிப்புறச் சுவருக்குக் கூட்டிப்போய், எருமைத் தலை மேல் அவள் நின்றுகொண்டிருப்பதைக் காட்டுங்கள். அங்கே அட்டாக்கும் இல்லை, ஸ்ட்ரைக்கும் இல்லை, வேலை முடிந்துவிட்டது. 'ஹியர், இட் இஸ் ஓவர்.'

சிற்பக் கூடங்களில் இன்னொரு சின்னத் திருத்தம். மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும் இங்கேதான். ஆகவே சாலையோரப் பட்டறைகளில் வண்டியை நிறுத்தச் சொல்லாத விருந்தாளி இல்லை. அங்கே 'ஹி இஸ் ஸ்ட்ரைக்கிங் தி ஸ்டோன்' என்று சொன்னால், அந்த ஆள் கல்லைச் சுத்தியலால் நேராகப் போட்டு உடைக்கிறார் என்று ஆகும். அடி விழுவது உளியின் தலையில். கல்லில் நடப்பது செதுக்கு. 'ஹி ஸ்ட்ரைக்ஸ் தி சிஸல் அண்ட் கார்வ்ஸ் தி ஸ்டோன்.' ஸ்ட்ரைக்குக்குப் பின்னால் எந்தப் பொருளைச் சொல்கிறீர்களோ அதன் மேல்தான் அடி.

பாம்புப் பண்ணையில் ஒரு 'அட்'

அப்படியென்றால் குறி தப்பிய அடியை எப்படிச் சொல்வது? அதற்கு வடநெம்மேலிதான் பள்ளிக்கூடம். ராமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இதை விருந்தாளிகளிடம் சொல்ல மறக்காதீர்கள். ஃபுளோரிடாக்காரர் ஒருவராவது பேருந்தில் இருந்தால் அன்றைக்கு உங்கள் பாடு கொண்டாட்டம்.

இப்போது கவனியுங்கள். பானையிலிருந்து எடுத்த பாம்பு கம்பியை நோக்கிச் சடாரென்று பாய்கிறது, கம்பியில் படவில்லை. 'தி ஸ்நேக் ஸ்ட்ரக் அட் தி ஹூக்.' இந்த 'அட்' தான் விஷயம். 'ஸ்ட்ரக் தி ஹூக்' என்றால் பட்டுவிட்டது. 'ஸ்ட்ரக் அட் தி ஹூக்' என்றால் அதைக் குறிவைத்துப் பாய்ந்தது, அவ்வளவுதான், பட்டிருக்கலாம், தப்பியிருக்கலாம். நாம் 'கொத்த வந்துச்சு' என்று சொல்வது இதைத்தான். 'கொத்திடுச்சு' என்றால் பல் இறங்கிவிட்டது, அதற்கு 'பிட்'. ஸ்ட்ரைக் என்பது பாம்பின் பாய்ச்சல், பைட் என்பது கடி. பாய்ந்தும் கடிக்காமல் விடுகிற பாம்பு உண்டு. பாயாமலே கடிக்கிறதும் உண்டு: பாயில் தூங்குகிறவனைக் கட்டுவிரியன் ராத்திரியில் கடிப்பது அப்படி. அதை 'ஸ்ட்ரக்' என்று சொல்லாமல் 'தி க்ரெய்ட் பிட் ஹிம் இன் ஹிஸ் ஸ்லீப்' என்றே சொல்லுங்கள். யாருக்காவது நிஜமாகவே கடி பட்டு நீங்கள் போனில் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால், ஸ்ட்ரைக்கை மறந்துவிட்டு 'பிட்டன் பை எ ஸ்நேக்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதுதான் தேவை.

முதலைக்கும் தெருநாய்க்கும் 'அட்டாக்' சரியாகவே பொருந்தும். அவற்றுக்கு எண்ணம் உண்டு என்று ஆங்கிலம் ஒப்புக்கொள்கிறது.

கொடி இறங்கினால்

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்கு டச்சுக் கோட்டை பார்க்க ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கு, ஸ்ட்ரைக் ஒரு வேடிக்கையான குட்டிக்கரணம் போட்டுக் காட்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் 'ஸ்ட்ரைக்' என்றால் கீழே இறக்குவது என்றும் அர்த்தம். பாயை இறக்கலாம், கொடியை இறக்கலாம். போரில் ஒரு கப்பல் கொடியை இறக்கினால் அது சரணடைந்துவிட்டது. 'தி ஷிப் ஸ்ட்ரக் ஹெர் கலர்ஸ்.' சில புத்தகங்கள் சுருக்கமாக 'தி ஷிப் ஸ்ட்ரக்' என்றே எழுதிவிடும். கப்பல் அடித்தது என்று நீங்கள் மொழிபெயர்த்தால் தோற்றவனை வென்றவனாக்கிவிடுவீர்கள்.

இந்தக் கரைக்கு அப்பால் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். வரலாற்றில் அதற்குச் சதுரங்கப்பட்டினப் போர் என்றே பெயர். 'எக்ஸெட்டர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் சின்னாபின்னமானது. ஆனாலும் கொடியை இறக்கவில்லை. யாருக்கும் வெற்றி இல்லாமல் போர் முடிந்தது. கோட்டை வாசலில் நின்று சொல்லலாம்: 'தே ஃபாட் ஹார்ட், பட் நோ ஷிப் ஸ்ட்ரக் ஹெர் ஃப்ளாக்.'

வேலைநிறுத்தத்துக்கு 'ஸ்ட்ரைக்' என்ற பேர் வந்ததும் இந்த வழியாகத்தான். 1768-இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலித் தகராறில் கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டு, கப்பல் நகராமல் செய்தார்கள். பாயை இறக்கியது வேலையை இறக்கியதாக ஆனது. அந்தச் சொல் கப்பலேறி வந்து நம் ஊரில் 'இஸ்ட்ரைக்' ஆகி, இன்று தமிழ்ச்சொல் மாதிரியே புழங்குகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தே வென்ட் ஆன் ஸ்ட்ரைக்', 'தே வேர் ஆன் ஸ்ட்ரைக் ஃபார் மோர் தென் எ மந்த்.' இந்த அர்த்தத்தில் 'ஆன்' விடக்கூடாது. 'ஸ்ட்ரைக்கிங் வொர்க்கர்' என்றால் வேலைநிறுத்தத் தொழிலாளி. 'ஸ்ட்ரைக்கிங் வுமன்' என்றால் பார்த்ததும் கண்ணில் நிற்கிற பெண். கலந்துவிடாதீர்கள். பேருந்து ஓடாத நாளில் விருந்தாளியிடம் 'பஸ் ஸ்ட்ரைக்' என்று சொன்னால் உடனே புரியும். 'பந்த்' என்றால் பேண்டு வாத்தியம் என்று நினைத்துக்கொள்வார்.

செங்கல்பட்டுக் கோட்டையில் வேண்டிய மற்றவை

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டுக் கோட்டைக்குள் புகுந்துதான் போகிறார்கள். தண்டவாளம் அதன் நடுவே ஓடுகிறது. பலருக்கு அது தெரியாது. விஜயநகர காலத்துக் கோட்டை. ஏரியும் சதுப்பும் அதற்குக் காவல். 1751-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1752-இல் ராபர்ட் கிளைவ் பீரங்கிகளைக் கொண்டுவந்து மதிலை உடைக்க, உள்ளே இருந்த படை சரணடைந்தது.

இங்கே மூன்று சொல். கிளைவ் கோட்டையைத் தாக்கினான்: 'கிளைவ் அட்டாக்டு தி ஃபோர்ட்.' நாம் 'கோட்டை மேல்' தாக்குகிறோம் என்பதால் 'அட்டாக்டு ஆன் தி ஃபோர்ட்' என்று வாய் போகும், போகவிடாதீர்கள். அட்டாக் பெயர்ச்சொல்லாக நின்றால்தான் 'ஆன்': 'கிளைவ்ஸ் அட்டாக் ஆன் தி ஃபோர்ட்.' சுற்றி வளைத்து உட்கார்ந்தது 'பிசீஜ்டு'. சுவரேறிப் பாய்ந்து பிடித்திருந்தால் 'ஸ்டார்ம்டு'. ஆனால் உள்ளே இருந்தவர்கள் முன்பே பணிந்துவிட்டதால், செங்கல்பட்டில் அந்தச் சொல் பொய்யாகிவிடும். புத்தகம் படித்துவிட்டு வருகிற ஆங்கிலேயப் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்கள்.

'ஸ்ட்ரக்' எங்கே வரும்? முற்றுகைக்கு வராது. சட்டென்று வந்து விழும் போருக்கு வரும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் பிரிட்டிஷ் கர்னல் பேய்லியின் படையை வளைத்து நொறுக்கினார்கள். உதவிக்குப் போக முடியாத இன்னொரு பிரிட்டிஷ் தளபதி மன்றோ தன் படையோடு பின்வாங்கி வந்து சேர்ந்த இடம் இந்தச் செங்கல்பட்டு. 'ஹைதர் ஸ்ட்ரக் அட் பொள்ளிலூர், அண்ட் மன்றோ ஃபெல் பேக் டு செங்கல்பட்டு.' இந்த 'அட்' இடத்தைக் குறிக்கும் 'அட்'. பாம்புப் பண்ணை 'அட்' வேறு. 2016-இல் எல்லாத் தொலைக்காட்சியிலும் கேட்ட 'சர்ஜிகல் ஸ்ட்ரைக்' இந்த வகைதான்: போனார்கள், அடித்தார்கள், திரும்பினார்கள்.

அடியே இல்லாத ஸ்ட்ரைக்

மீதி இருப்பவை அன்றாடச் சில்லறை. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைத் தள்ளுவது போல நின்று படமெடுக்காத மனிதர் இல்லை. அது 'ஸ்ட்ரைக் எ போஸ்'. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன்னால் கைகோத்து உயர்த்தி நின்றதும் அதுவே. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது 'ஸ்ட்ரைக் அப் எ கான்வர்சேஷன்'. பேரம் படிவது 'ஸ்ட்ரைக் எ பார்கேன்'. இது புத்தகச் சொல். கடையில் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம், 'ஓகே, டீல்' போதும். கேரம் ஆடுகிறவர்களுக்கு ஸ்ட்ரைக்கரையும், கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஸ்ட்ரைக் ரேட்டையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் காதைத் தீட்டி வைத்துக் கேளுங்கள். அர்ச்சுனன் தபசின் முன்னால், ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, விருந்தாளி 'ஐ ஆம் ஸ்ட்ரக் பை தி எலிஃபன்ட்ஸ்' என்பார். யானை முட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. யானைகள் மனசைப் பிடித்து நிறுத்திவிட்டன என்கிறார். 'இட் ஸ்ட்ரக் மீ தட்...' என்று ஆரம்பித்தால் நம்முடைய 'சட்டுனு பொறி தட்டுச்சு'. இதையே நீங்கள் கேள்வியாக்கிக் கேட்டால் சுற்றுலாவின் போக்கே மாறும்: 'வாட் ஸ்ட்ரைக்ஸ் யூ மோஸ்ட் ஹியர்?' ஒருவர் பூனைத் தவசியைக் காட்டுவார், இன்னொருவர் பால் கறக்கிறவனைத் தேடிப் பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்துக்கு நடப்பார். மனப்பாடம் செய்த உரையைச் சற்று மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் கைகாட்டும் இடத்திலிருந்து பேசத் தொடங்கலாம்.

பயிற்சி

கீழுள்ள ஐந்தையும் முதலில் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பிறகு விடையைப் பாருங்கள். நேற்று ராத்திரி எங்கள் தெருப் புளியமரத்தில் இடி விழுந்தது. நாய் என் தம்பி மேல் பாய்ந்து கடித்தது. பாம்பு என் செருப்பைக் கொத்த வந்தது, தப்பிவிட்டேன். ஓட்டுநர்கள் இன்று வேலைநிறுத்தம். இந்தச் சிற்பத்தை உப்புக் காற்று அரிக்கிறது.

விடை: 'லைட்னிங் ஸ்ட்ரக் தி டேமரிண்ட் ட்ரீ இன் அவர் ஸ்ட்ரீட் லாஸ்ட் நைட்.' 'எ டாக் அட்டாக்டு மை பிரதர் அண்ட் பிட் ஹிம்.' 'தி ஸ்நேக் ஸ்ட்ரக் அட் மை ஸ்லிப்பர், பட் மிஸ்டு.' 'தி டிரைவர்ஸ் ஆர் ஆன் ஸ்ட்ரைக் டுடே.' 'சால்ட் இஸ் அட்டாக்கிங் திஸ் ஸ்கல்ப்சர்.' மூன்றாவதில் 'அட்' விட்டுப்போயிருந்தால் வடநெம்மேலிப் பகுதியை இன்னொரு முறை படித்துவிட்டு அடுத்த பாடத்துக்கு வாருங்கள்.